தொட்டிலுக்கு மேலே ஒரு கடைக் கேமரா

ஜனவரி 9

அண்ணா,

மூன்று முறை போன் பண்ணினாய். மூன்று முறையும் பாதியில் வைத்தது நான்தான். நான்காவது முறை எடுக்கவே இல்லை. ஏழு மாத வயிற்றோடு கத்தினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. உனக்கு அது உறைப்பதாகத் தெரியவில்லை. அதனால் இந்த விஷயத்தை இனிமேல் கடிதத்தில்தான் பேசப்போகிறோம். எழுதும்போதாவது நீ குறுக்கே பாய முடியாது. இரண்டு நாளில் கூரியர் வந்துவிடுகிறது, ஒன்றும் குடி முழுகிப்போகாது.

குழந்தை அறைக்கு எனக்குக் கேமரா வேண்டாம். சத்தம் கேட்கிற பெட்டி போதும். தொட்டில் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. குழந்தை சிணுங்கினால் சமையலறையில் எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னதற்கு நீ போனில் ஒரு மணி நேரம் லென்ஸ் பற்றிப் பாடம் எடுத்தாய்.

அது நீ கேமரா மாட்டுகிற குடோன் இல்லை அண்ணா. ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு தொட்டில், ஒரு நாற்காலி. நான் பால் கொடுக்கப்போவதும் அங்கேதான், துணி மாற்றப்போவதும் அங்கேதான், வாயைப் பிளந்துகொண்டு தூங்கப்போவதும் அங்கேதான். லேபில் ஒன்பது வருஷமாகப் பல் செட் செய்கிறேன். எட்டு மணி நேரமும் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று என் கையையே பார்க்கிறார். வீட்டில் ஒரு அறையிலாவது என்னை யாரும் பார்க்காமல் இருக்கட்டும்.

உன் மாப்பிள்ளை வேறு, என்னைக் கேட்காமல் ஆந்தை பொம்மை மாதிரி ஒன்றை வாங்கிவிட்டார். அது அறையின் சூட்டைச் சொல்லுமாம், தாலாட்டுப் பாடுமாம். அது பாடுவதைக் கேட்டால் எனக்கே அழுகை வருகிறது. ஆளாளுக்கு என் உயிரை வாங்காதீர்கள்.

தங்கச்சி

ஜனவரி 15

குண்டூசி,

உன் கடிதம் கிடைத்தது. பெயர் வைத்தவன் தப்பாக வைக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகக் கேமரா மாட்டித்தான் சாப்பிடுகிறேன். மருந்துக்கடை, இரும்புக்கடை, மரக்கிடங்கு, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் ஏணி போட்டு ஏறியாகிவிட்டது. ஊருக்கெல்லாம் மாட்டுகிறவன் தங்கச்சி வீட்டில் மட்டும் விளையாட்டுச் சாமான் மாதிரி இரண்டு பெட்டியா? கேட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

கொஞ்சம் யோசித்துப் பார். சத்தம் கேட்ட பிறகு ஓடி என்ன பிரயோஜனம்? சத்தம் போடாமல் நடப்பதுதான் ஆபத்து. மருந்துக்கடையில் பெட்டி பெட்டியாகக் காணாமல் போனதே, எவனாவது மேளம் அடித்துக்கொண்டா எடுத்துப் போனான்? குழந்தையைத் திருடனோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று நீ அடுத்த கடிதத்தில் பாய்வாய். பாய்ந்துகொள்.

உன் பேச்சைக் கேட்டால் வேலைக்கு ஆகாது என்று நேற்றே கேமராவைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையிடம் வைஃபை பாஸ்வேர்ட் வாங்கி எல்லாவற்றையும் இங்கேயே செட் பண்ணியாகிவிட்டது. சுவரில் இரண்டு ஸ்க்ரூ, பிளக்கில் சொருகினால் முடிந்தது. உன் போனில் தொட்டில் மட்டும்தான் தெரியும். நீ வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதெல்லாம் தெரியாது, பயப்படாதே.

அம்மா இருந்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பாள்.

அண்ணன்

ஜனவரி 24

அண்ணா,

அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பாள்.

பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே கடைகளில் மாட்டுகிற அதே வெள்ளைக் கிண்ணம். கூடவே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். 'இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது. திருடாதீர்கள்.' இதை எங்கே ஒட்டட்டும்? தொட்டிலிலா, என் நெற்றியிலா?

எடுத்த எடுப்பில் திருப்பி அனுப்பச் சொன்னேன். உன் மாப்பிள்ளை முகம் தொங்கிப்போய்விட்டது. "உங்க அண்ணன் அவ்வளவு தூரத்துல இருந்து ஆசையா அனுப்பியிருக்காரு. அவரைவிட நமக்கு என்ன தெரியும்?" என்றார். பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற மனிதர், டிரில்லைக் கையில் எடுத்ததே இல்லை. மூன்று ஓட்டை போட்டார், அதில் இரண்டு தப்பான இடம். பல் அச்சுக்கு வைத்திருக்கிற பிளாஸ்டரைக் குழைத்து நான்தான் அடைத்தேன், நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றை வைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி. அவர் கீழே நின்று "பாத்து, பாத்து" என்று என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, மாட்டியாகிவிட்டது. என் போனில் பார்த்தேன், நீ சொன்னபடி தொட்டில் மட்டும்தான் தெரிகிறது. அதனால் ஒத்துக்கொள்கிறேன். தோற்றுப்போனேன் என்று நினைக்காதே, சண்டை போடத் தெம்பில்லை. தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு அங்குலம்கூடத் தெரியக்கூடாது. அது என் இடம்.

இவ்வளவு எழுதினாயே, பிரசவத்துக்கு வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி உண்டா? மார்ச் முதல் வாரம் என்கிறார்கள். கிண்ணத்தை அனுப்பிவிட்டால் மாமன் கடமை முடிந்ததா?

தங்கச்சி

மார்ச் 12

குண்டூசி,

மருமகளைப் போட்டோவில் பார்த்தேன். நெற்றி மாப்பிள்ளையுடையது. மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம், என்ன செய்வது.

வரவில்லை என்று திட்டு. வாங்கிக்கொள்கிறேன். இங்கே புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறக்கிறார்கள். அறுபத்துநாலு கேமரா. அவசரம் அவசரம் என்று கழுத்தில் கத்தி வைக்கிறார் முதலாளி. ஒருநாள் விட்டால்கூட வேறு ஆளிடம் போய்விடும். உனக்குத் தெரியாததா? கொஞ்சம் ஓய்ந்ததும் வருகிறேன்.

கேமரா எப்படி இருக்கிறது? படம் தெளிவாக இருக்கிறதா? இருட்டினால் கறுப்பு வெள்ளைக்குத் தானாக மாறிவிடும், ரிப்பேர் என்று நினைத்துவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

நீ எப்போது ஓய்ந்து, எப்போது வந்து! அவள் பள்ளிக்கூடம் போகும்போது சொல், வாசலில் வந்து நிற்கச் சொல்கிறேன்.

மாமியார் பத்து நாள் இருந்தார். மாமனாருக்கு முட்டி வலி, தனியாக விட முடியாது என்று கிளம்பிவிட்டார். இவருக்கும் லீவ் முடிந்துவிட்டது. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் தலையைக் காட்டுகிறார். நடுவில் நானும் அவளும்தான்.

எல்லாரும் போன் பண்ணி ஒரே கேள்வி. "எப்படி இருக்கே? சந்தோஷமா இருக்கியா?" ஆமாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உனக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கிறது. கேமரா நன்றாக இருக்கிறது. ஆந்தை மட்டும்தான் மக்கர். அடுப்பு மாதிரி வெயில் அடித்தாலும் சரி, ஃபேனைக் கூட்டினாலும் சரி, இருபத்தாறு டிகிரி என்றே சாதிக்கிறது.

அழுகிறாள். எல்லாக் குழந்தையும்தான் அழும், தெரியும். ஆனால் இவர் வந்து தூக்கினால் நின்றுவிடுகிறது. என்னைப் பார்த்துத்தான் அழுகிறாளோ என்று இருக்கிறது. இதைப் போய் உனக்கு எழுதுகிறேன் பார். விடு.

லேபில் எப்போது வருகிறாய் என்று கேட்கிறார்கள். அங்கே பல் அழாது.

தங்கச்சி

மார்ச் 31

குண்டூசி,

எப்படி இருக்கிறாய்? வேலை நடுவில் சும்மாதான் எழுதுகிறேன், விசேஷம் ஒன்றும் இல்லை.

மத்தியானம் சாப்பிடுகிறாயா? சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு விடுகிற பழக்கம் உனக்கு உண்டு. பக்கத்து வீட்டில் யாராவது பெண்கள் இருக்கிறார்களா? பகலில் ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லலாமே. மாப்பிள்ளையால் கொஞ்ச நாளைக்குச் சீக்கிரம் வர முடியாதா? கம்பெனியில் கேட்டால் கொடுக்காமலா போவார்கள்? நான் வேண்டுமானால் அவரிடம் பேசட்டுமா? சும்மாதான் கேட்கிறேன்.

வெறும் தரையில் உட்காராதே. அதுவும் கதவுக்குப் பின்னால், அந்தச் சுவரோரம். பச்சை உடம்பு, இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாற்காலி எதற்கு இருக்கிறது?

மனசில் ஏதாவது இருந்தால் எழுது. திட்ட வேண்டும் என்றாலும் எழுது.

அண்ணன்

ஏப்ரல் 4

கதவுக்குப் பின்னால்.

இந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நாள் முழுக்கப் பல்லில் மயிரிழை வெடிப்பைத் தேடுகிறவள் நான். என்னிடம் போய் இதை எழுதியிருக்கிறாயே.

நான் அங்கே உட்காருவது உன் மாப்பிள்ளைக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது. வீட்டில் ஒருவரும் இல்லாதபோது மட்டும் உட்காருகிற இடம் அது. போனில் பத்து முறை சோதித்துப் பார்த்து, கேமராவில் விழாது என்று தெரிந்துகொண்டுதான் அங்கே உட்கார்ந்தேன். ஆக, உனக்குத் தெரிகிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிகிறது. என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய்.

எத்தனை நாள் பார்த்தாய்? யார் யாரிடம் காட்டினாய்? நான் பால் கொடுக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாயா? கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது? ச்சீ!

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அப்படியும் நம்பிக்கை வராமல் அதன் தலையில் இவருடைய சாக்ஸை மாட்டியிருக்கிறேன். ஏன் என்று இவர் கேட்டார். தூசி என்று சொன்னேன். உன்னால் இப்போது நான் பொய்யும் சொல்கிறேன்.

மூன்று வரியில் பதில் வேண்டும். கதை அளக்காதே.

ஏப்ரல் 8

குண்டூசி,

மூன்று வரியில் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. முழுக்கப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

யாரிடமும் காட்டவில்லை. அம்மா மேல் சத்தியம். நீ பால் கொடுக்கும்போது ஒரே ஒரு முறை திறந்துவிட்டேன். திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். நம்பினால் நம்பு.

எங்கே மாட்டினாலும் முதல் லாகின் என் நம்பரில்தான் போடுவேன். கடைக்காரர்கள் ஒரு மாதத்தில் பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் தலையை உருட்டுவார்கள், அதற்காக. உன்னுடையதையும் கை அதன் பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டது. லென்ஸும் கடை லென்ஸ், முழு அறையையும் பார்க்கும். உன் போனில் மட்டும் படத்தை வெட்டித் தொட்டிலைக் காட்டும்படி வைத்தேன். என் போனில் வெட்டவில்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ மாட்ட விடமாட்டாய் என்று சொல்லாமல் விட்டேன். அது பழக்கம் இல்லை, திருட்டுத்தனம்.

எனக்குப் பதினேழு கடைகளின் அலர்ட் வருகிறது, எதையும் பார்ப்பதில்லை. ஆனால் 'என்னைப் பார்த்துத்தான் அழுகிறாளோ' என்று எழுதியிருந்தாய். அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் இரும்புக்கடையில் ஏணி மேல் நிற்கிறேன், 'குழந்தை அறையில் அசைவு' என்று போன் அதிர்ந்தது. திறந்துவிட்டேன்.

அவள் தொட்டிலில் கையையும் காலையும் உதைத்து அழுகிறாள். நீ கதவுக்குப் பின்னால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுந்திருப்பாய், இதோ எழுந்திருப்பாய் என்று பார்க்கிறேன். நாற்பது நிமிஷம். கடைக்காரர் கீழே இருந்து "என்னப்பா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கத்துகிறார். இதோ என்று சொல்லிவிட்டு மறுபடி போனையே பார்க்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளை தொண்டை கிழிய அழுகிறது, இவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையிடம் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். உன்னிடம் சொன்னால் இப்போது நடப்பது நடக்கும். என் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ஆறு நாள் வாயை மூடிக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திட்டியது போதாது.

என் லாகினை எடுத்துவிட்டேன். புதிய பாஸ்வேர்ட் இதனுடன் தனிச்சீட்டில் இருக்கிறது. அதையும் நீ உடனே மாற்றிவிடு, இனி உனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

இன்னொன்று. அந்த அறுபத்துநாலு கேமரா வேலை மார்ச் இரண்டாம் தேதியே முடிந்துவிட்டது. நான் வராததற்குக் காரணம் அது இல்லை. எனக்குப் பச்சைக் குழந்தையைத் தூக்கப் பயம். ஐம்பதடி ஏணியில் ஏறுகிறவனுக்கு இது என்ன பயம் என்று சிரிப்பாய். சிரி.

மாப்பிள்ளையிடம் நீயே சொல். டாக்டரிடம் போ. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் அவருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், நான் பார்த்ததையும் சேர்த்து. அதற்கப்புறம் நீ காலத்துக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணா,

மிரட்டிக் காரியம் சாதிப்பதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சொல்லிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. வேலை முடிந்து வந்தவர் கையில் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் தட்டினார். "நான் எதுவும் கேக்கல. வெளிய வந்து நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு" என்றார். அழுகிற குரல். அவர் அழுது நான் கேட்டதில்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. "நிறைய பேருக்கு வரும்மா. மருந்து இருக்கு, சரியாயிடும். ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டார். ஏன் என்றால் என்ன சொல்வது? பெற்றவளுக்குப் பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எவளாவது ஊரைக் கூட்டிச் சொல்வாளா?

உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போகாது. சாக்ஸையும் எடுக்கவில்லை. ஆனால் நீ பார்த்ததைத் தப்பாகப் பார்த்திருக்கிறாய், அதை இப்படியே விட எனக்கு மனசு இல்லை.

என் கை உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக மெழுகைச் சீவுகிற கை, ஒருநாளும் தடுமாறியதில்லை. அவளைத் தூக்கினால் மட்டும் நடுங்குகிறது. கீழே போட்டுவிடப்போகிறாய், போட்டுவிடப்போகிறாய் என்று மண்டைக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட மோசமானதெல்லாம் தோன்றும், அதை எழுத மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, அந்த அறையில் எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் உட்காருவேன். அதுதான் கதவுக்குப் பின்னால். அவள் அழுவது காதில் விழுந்தால் எழுந்து போய்த் தூக்கிவிடுவேன் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அறையை விட்டு வெளியே போகவும் முடியவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

நீ நாற்பது நிமிஷம் பார்த்தாயே, பிள்ளை அழக் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவளை. நான் அவளுக்குக் காவல் இருந்தேன் அண்ணா. என்னிடமிருந்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தது மூன்று வாரம் பகலில் நான் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவருக்குப் பதினெட்டாம் தேதி வரைதான் லீவ் கிடைத்தது. மாமியார் மே மாதம்தான் வர முடியும். நடுவில் ஆள் இல்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து யார் யாரையோ யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் உனக்கு எழுதுகிறேன்.

தூக்கப் பயம் என்கிறாய். சரி, எனக்கும்தான் பயம். உனக்கு ஏணி தெரியும், எனக்குப் பல் தெரியும், குழந்தை இரண்டு பேருக்கும் தெரியாது. நீ தூக்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கைக்கு அடியில் என் கையை வைத்துக்கொள்கிறேன். அவள் அழுவாள். அழட்டும், இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம். வரும்போது எந்தக் கருவியையும் கட்டிக்கொண்டு வராதே.

பத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு இவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அதற்குள் வந்துவிடு.

தங்கச்சி